பிரிட்டிஷ்காரர்களுக்குப் பாட்டுப் படம் எடுக்கத் தெரியாதா?

ஒரு வாசகரின் கேள்வி – 13 ஜனவரி 2024

ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேரும் ஜீன் கெல்லியும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் பிரிட்டனில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்தக் காலத்து பிரிட்டிஷ் பாட்டு நகைச்சுவைப் படங்கள் நான்கைந்து பார்த்தேன். ஆட்டம் இல்லை, பிரம்மாண்டம் இல்லை, கேமரா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு கோமாளி நடுவில் நின்று பாடுகிறார். அவர் முடிக்கும்வரை கதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த வகைப் படம் அவர்களுக்குக் கைவரவே இல்லை என்பது என் முடிவு. யாராவது மறுக்கிறீர்களா?

14 ஜனவரி 2024

நான் மறுக்கிறேன்.

கேமரா நகரவில்லை, சரி. கதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சரி. அதெல்லாம் குறை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் தேடியது நடனப் படம். அவர்கள் எடுத்தது மேடைக்காரர்களின் படம். பத்து இருபது வருடம் மியூசிக் ஹால், வெரைட்டி என்ற பாட்டும் கோமாளித்தனமும் கலந்த கேளிக்கை மேடைகளில் ஊர் ஊராகப் பாடி, விழுந்து, சிரிக்க வைத்துப் பிழைத்தவரைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கதை என்பது அந்த ஆளைச் சுற்றிப் போட்ட பந்தல்தான். பந்தக்காலைப் பார்த்துவிட்டுக் கச்சேரி சரியில்லை என்கிறீர்கள்.

அன்றே, இரவு

எந்த உரிமையில் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சினிமா படித்தவர் இல்லை. வடமேற்கு இங்கிலாந்தில் லங்காஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய அறையில் பழைய படம் போடுவோம். நானும் மாத்திரை டப்பாவோடு நின்றபடி பார்ப்பேன். இந்தப் படங்கள் முக்கால்வாசியும் எனக்கு அப்படித்தான் பழக்கம். படத்தைவிட அதைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

16 ஜனவரி 2024

ஜார்ஜ் ஃபார்ம்பியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் இல்லத்தில் எல்லாமே அவரிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

1904இல் விகன் நகரில் பிறந்தவர். அப்பாவும் மேடையில் பெரிய பெயர், அவர் பெயரும் ஜார்ஜ் ஃபார்ம்பிதான். மகன் மேடைக்கு வரக்கூடாது என்று சின்ன வயதிலேயே குதிரைப் பந்தய ஜாக்கியாகப் பழக அனுப்பிவிட்டார். 1921இல் அப்பா இறந்தபிறகுதான் மகன் மேடையேறினார். முதலில் அப்பாவின் பாட்டுகளையும் அப்பாவின் வேடத்தையும் அப்படியே செய்து பார்த்தார், எடுபடவில்லை. அப்புறம் கையில் யுகுலேலே என்ற சின்ன கிட்டார் வந்தது. 1924இல் பெரிலைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரிலும் மேடைக் கலைஞர். கணவருடைய உடை, ஒப்பந்தம், சம்பளம் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். படங்களில் கதாநாயகி ஜார்ஜுக்கு முத்தம் கொடுக்கும் நேரம்கூட அந்த அம்மாவின் கண்காணிப்பில்தான் போகும் என்று சொல்வார்கள்.

1935இல் 'நோ லிமிட்'. விகனிலிருந்து வரும் ஒரு புகைபோக்கி துடைப்பவர் தானே கட்டிய மோட்டார் சைக்கிளோடு மேன் தீவின் டி.டி. பந்தயத்துக்குப் போகிறார். கதை அவ்வளவுதான். வண்டி தடதடவென்று அதிர்கிறது, அவர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார், நடுநடுவே பாடுகிறார். அடுத்த வருடம் 'கீப் யுவர் சீட்ஸ் ப்ளீஸ்' படத்தில் ஜன்னல் துடைக்கிறவரின் பாட்டு. ஏணிமேல் நின்று துடைக்கும்போது உள்ளே யார் யார் என்னென்ன கோலத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லும் பாட்டு. பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. நாடே அதைப் பாடியது.

இந்தப் பாட்டை எப்படிப் படமாக்கியிருக்கிறார்கள் என்று நீங்கள் கவனித்திருந்தால் உங்கள் கேள்வியே வந்திருக்காது. அவர் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் வலது கையைப் பாருங்கள். தாளத்தை இரண்டாகப் பிளந்து, முன்னும் பின்னும் தட்டி, விரல் எங்கே போகிறது என்று பிடிபடாத வேகத்தில் வாசிக்கிறார். முகத்தில் மட்டும் அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு வெகுளிச் சிரிப்பு. அவருக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. கேமரா அங்கே இங்கே ஓடியிருந்தால் அந்தக் கை நமக்குக் கிடைத்திருக்காது.

17 ஜனவரி 2024

திருத்தம். யுகுலேலே என்று எழுதியதை ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. ஃபார்ம்பி அதிகமாக வாசித்தது பாஞ்சுலேலே. கழுத்தும் நான்கு நரம்பும் யுகுலேலேவைப் போல, உடம்பு பாஞ்சோவைப் போலத் தோல் கட்டியது. கணீரென்று உலோகம் கலந்த சத்தம் வருவது அதனால்தான். மைக் இல்லாத அரங்கத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமே, மர யுகுலேலே அதற்குப் போதாது. எங்கள் இல்லத்தில் எல்லோரும் 'யூக்' என்றுதான் சொல்வார்கள், அதே பழக்கம் எனக்கும்.

19 ஜனவரி 2024

"அது வெறும் பாமரச் சிரிப்பு" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். பாமரச் சிரிப்புதான், அதில் என்ன கேவலம்? 1940இல் வந்த 'லெட் ஜார்ஜ் டூ இட்' படத்தில் ஒரு கனவுக் காட்சி உண்டு. ஜார்ஜ் வானத்திலிருந்து ஹிட்லரின் கூட்டத்துக்குள் இறங்கி அவர் முகத்தில் ஒரு குத்து விடுகிறார். குண்டு விழுந்துகொண்டிருந்த வருடம் அது. எங்கள் இல்லத்தில் தொண்ணூற்று மூன்று வயது பாட்டி ஒருவர் இருக்கிறார், நூற்பாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அந்தக் காட்சி வந்தபோது கொட்டகையே எழுந்து நின்றது என்று சொன்னார். அப்போது அவருக்கு வயது பத்து. சொல்லும்போது முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

போர் முடிந்த கையோடு 1946இல் ஃபார்ம்பி தம்பதி தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று பிரித்து வைத்த அரங்குகளில் பாட மாட்டோம் என்று மறுத்து, கறுப்பின மக்களுக்குப் பாடினார்கள். தேசியக் கட்சித் தலைவர் மாலன் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். பெரில் அவரை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையால் திட்டி அனுப்பினார். இது ஜன்னல் துடைக்கிற பாட்டைப் பாடியவரின் வீட்டு அம்மா.

20 ஜனவரி 2024

பெண்கள் யாரும் இல்லையா என்ற கேள்விக்கு: கிரேஸி ஃபீல்ட்ஸ். ராச்டேல்காரர், 1898இல் பாட்டியின் மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில் பிறந்தவர். 1934இல் வந்த 'சிங் அஸ் வி கோ' படத்தைத் தேடிப் பாருங்கள், கதை எழுதியவர் ஜே.பி. பிரீஸ்ட்லி. ஆலை மூடுகிறது, வேலை போகிறது, கிரேஸி சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் பிழைக்கப் போகிறார். நிஜமான பிளாக்பூல், நிஜமான கூட்டம். கடைசியில் ஆலை திறக்கிறது, தொழிலாளர்கள் பாடிக்கொண்டே உள்ளே போகிறார்கள், முன்னால் கிரேஸி.

ராச்டேலில் இன்று அந்த ஆலைகள் ஓடவில்லை. எங்கள் பாட்டிக்கு அந்தக் கடைசிக் காட்சி பிடிக்காது. "ஆலைக்குள் போகிற யாரும் பாடிக்கொண்டு போகமாட்டார்கள், லவ், வெளியே வரும்போதுதான் பாடுவோம்" என்றார். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'லவ்'தான்.

20 ஜனவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: இவர்கள் எல்லோரும் சொந்தக் குரலில் பாடுகிறார்கள். பின்னணிப் பாடகர் கிடையாது. நம் காதுக்கு வாயசைப்பு அவ்வளவு பழகிவிட்டதால், முதல் தடவை பார்க்கும்போது குரல் கொஞ்சம் பிசிறடித்தால்கூட ஏதோ குறைபோல் தோன்றும். என்.எஸ்.கே.யையும் சந்திரபாபுவையும் நினைத்துக்கொள்ளுங்கள், காது சரியாகிவிடும்.

27 ஜனவரி 2024

ஒரு வாரமாக என் முதல் குறிப்பே என்னை உறுத்துகிறது. "மேடைக்காரர்களின் படம்" என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்குள் அடங்காத ஒன்று இருக்கிறது, அதுவும் சின்னப் படம் இல்லை.

'ஸ்ப்ரிங் இன் பார்க் லேன்', 1948. ஆனா நீகலும் மைக்கேல் வைல்டிங்கும். இயக்கம் ஹெர்பர்ட் வில்காக்ஸ், ஆனா நீகலின் கணவர். ஒரு பிரபு, வீட்டு வேலைக்காரனாக வேடமிட்டு, லண்டனில் பணக்காரர்கள் வாழும் மேஃபேரில் மாளிகை ஒன்றில் சேர்கிறார், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவர்மேல் காதல். சத்தமில்லாத சிரிப்பு, நடுவில் மெதுவாக மிதப்பதுபோல் ஒரு கனவு நடனம். இதை பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் அதிகமானவர்கள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த நாட்டில் எந்தக் காலத்திலும் அதிகம் பேர் பார்த்த படங்கள் என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2004இல் போட்ட பட்டியலில் இதற்கு ஐந்தாவது இடம். பிரிட்டிஷ் படங்களில் இதுதான் முதல்.

இதில் மியூசிக் ஹால் வாசனையே இல்லை. எல்லாம் பட்டும் வெள்ளிக் கரண்டியும். ஏன் அவ்வளவு கூட்டம்? அந்த வருடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் ஜெயித்த நாட்டில் போர் முடிந்த பிறகு, 1946இல், ரொட்டிக்கு ரேஷன் வந்தது. போர் நடக்கும்போதுகூட அது இல்லை. அதை எடுத்ததே 1948இல்தான். இறைச்சிக்கு 1954வரை ரேஷன். 1946இல் மட்டும் 163 கோடிக்கு மேல் சினிமா டிக்கெட் விற்றது. வீட்டில் கரி இல்லாதவர்களுக்குக் கொட்டகை சூடாக இருந்தது, திரையில் தட்டு நிறைய சாப்பாடு இருந்தது. எங்கள் பாட்டிக்கு இந்தப் படத்தில் கதை ஒன்றும் ஞாபகம் இல்லை. "அந்த அம்மாவின் கையுறை" என்றார்.

ஆக, முதல் குறிப்பை இப்படித் திருத்துகிறேன்: பெரும்பாலானவை மேடைக்காரர்களின் படங்கள். ஆனா நீகல் படங்கள் வேறு சாதி. அவையும் நடனப் படங்கள் இல்லை, அவர் மேடையில் ஆடிப் பழகியவராக இருந்தும்.

28 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் 'லண்டன் டவுன்' படத்தைச் சொல்லி மடக்கப் பார்க்கிறார். "ஹாலிவுட் மாதிரி எடுக்கப் பார்த்து மண்ணைக் கவ்விய படம்" என்கிறார். உண்மைதான். 1946இல் ராங்க் நிறுவனம் பெரும் செலவில், வண்ணத்தில், வெஸ்லி ரகிள்ஸ் என்ற அமெரிக்க இயக்குநரையே வரவழைத்து எடுத்தது. படுதோல்வி.

ஆனால் அந்தப் படத்தில் யார் நடித்தார் என்று பாருங்கள். சிட் ஃபீல்ட். ஃபார்ம்பி பிறந்த அதே 1904இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து வெளியூர் மேடைகளிலேயே உழன்று, முப்பத்தொன்பதாவது வயதை நெருங்கும்போது, 1943இல், லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் ஏறினார். லண்டனே அவரைக் கொண்டாடியது. 1950இல் இறந்துவிட்டார், வயது 45. ஏழே வருடம்.

'லண்டன் டவுன்' படத்தில் அவருடைய கோல்ஃப் நாடகம் அப்படியே இருக்கிறது. ஒருவர் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறார், சிட் ஃபீல்ட் கற்றுக்கொள்ளப் பார்க்கிறார். பந்துக்குப் பின்னால் போய் நில் என்றால் எது பின்னால் என்ற குழப்பம். சொல்லிக்கொடுப்பவர் ஜெர்ரி டெஸ்மண்ட். மடிப்புக் கலையாத உடை, சிரிக்கவே சிரிக்காத முகம். இவர்கள் இருவரும் அதை மேடையில் எத்தனை நூறு தடவை செய்திருப்பார்களோ, ஒரு பார்வை ஒரு கணம் முந்தவோ பிந்தவோ இல்லை. படம் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால் அந்த மனிதரின் மேடை எப்படி இருந்தது என்பது நமக்கு எங்கே கிடைக்கும்? ஆட்டக்காரிகளும் செட்டும் வரும் இடங்களை நான் ஓட்டிவிடுவேன். கோல்ஃப் வந்ததும் உட்காருவேன்.

ஜெர்ரி டெஸ்மண்ட் பெயரை மனதில் வையுங்கள், திரும்ப வருவார்.

3 பிப்ரவரி 2024

நார்மன் விஸ்டம். ஐந்து வருடம் முன்பு கேட்டிருந்தால் இவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். சின்னதாகிப்போன கோட்டு, கோணல் தொப்பி, எதற்கெடுத்தாலும் கத்தல், அடுத்த நிமிடம் கண்ணீர். அதிகம் அழுது காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சல். இல்லத்தில் அவர் படம் போட்டால் நான் துணி மடிக்கப் போய்விடுவேன்.

மாறியது ஒரு மதியத்தில். 'டிரபிள் இன் ஸ்டோர்', 1953, கதாநாயகனாக அவருக்கு முதல் படம். பெரிய கடை ஒன்றின் கிடங்கில் வேலை, கண்ணாடி ஜன்னல் அலங்காரம் செய்ய வேண்டும் என்று ஆசை. புது முதலாளியாக வருபவர் ஜெர்ரி டெஸ்மண்ட். ஆமாம், அதே ஆள். சிட் ஃபீல்டுக்கு எதிரே சிரிக்காமல் நின்ற மனிதர், அவர் போனபிறகு இப்போது விஸ்டமுக்கு எதிரே வந்து நிற்கிறார். பிறகு பல படங்களிலும் வருவார். ஒருவரைச் சிரிக்க வைக்கத் தான் சிரிக்காமல் நிற்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். அவர் பெயர் சுவரொட்டியில் எப்போதும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

படத்தின் நடுவில் விஸ்டம் ஒரு பாட்டுப் பாடுகிறார், நான் முட்டாள்தான், என்னைப் பார்த்துச் சிரிக்காதே என்று. அவரே சேர்ந்து எழுதியது. 1954இல் பிரிட்டிஷ் பாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. அன்றைக்கு அறையில் இருந்தவர்களில் ஒரு ஐயா, பேச்சு போய் இரண்டு வருடம் ஆனவர், உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு சரியான இடத்தில் மூடித் திறந்தது. நான் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகுதான் அவருடைய கதையைத் தேடிப் படித்தேன். 1915இல் லண்டனில் பிறப்பு, அடி உதையோடு கழிந்த குழந்தைப் பருவம், வீதியில் படுத்த நாட்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பட்டாளத்தில் தாளம் கொட்டும் பையனாகச் சேர்ந்து, 1930இல் பட்டாள வாத்தியக் குழுவோடு லக்னோவுக்கு வந்தார். டிரம்பெட், கிளாரினெட், குதிரையேற்றம், குத்துச்சண்டை எல்லாம் அங்கே கற்றது. படத்தில் அவர் படியில் உருளும்போது எலும்பில்லாதவர்போல் உருள்கிறாரே, அது குத்துச்சண்டைக்காரனின் உடம்பு.

கண்ணீரைப் பற்றி என் புகார் முழுக்கப் போய்விடவில்லை. 'ஒன் குட் டர்ன்' படத்தில் இன்னமும் எனக்கு அது அதிகம்தான். ஆனால் 1959இல் வந்த 'ஃபாலோ எ ஸ்டார்' பாருங்கள். சலவைக் கடையில் துணி தேய்க்கும் நார்மனுக்கு நல்ல குரல். மவுசு குறைந்துவரும் ஒரு பாடகர் அந்தக் குரலைத் திருடி, தான் பாடுவதுபோல் வாயசைக்கிறார். அந்தத் திருட்டுப் பாடகர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்ரி டெஸ்மண்ட். பின்னணிப் பாட்டையே குற்றமாக வைத்த கதை, நமக்கு ரொம்ப விசித்திரமாக இருக்கும்.

3 பிப்ரவரி 2024, இரவு வேலையிலிருந்து

லக்னோ என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் பிறந்ததும் லக்னோதான், 1940. பிறந்தபோது பெயர் ஹாரி வெப். அப்பாவுக்கு ரயில்வே உணவகக் குத்தகை நிறுவனத்தில் வேலை. 1948இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஐம்பதுகளின் கோமாளியும் அறுபதுகளின் கதாநாயகனும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள்.

5 பிப்ரவரி 2024

விஸ்டமுக்கு அல்பேனியாவில் இருந்த மவுசைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மூன்று பேர். சுருக்கமாக: கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா அங்கே ஆண்ட காலத்தில் பெரும்பாலான மேற்கத்தியப் படங்களுக்குத் தடை, அனுமதி கிடைத்த சிலவற்றில் விஸ்டம் படங்களும் உண்டு. முதலாளியிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் ஏழைத் தொழிலாளி என்று அவரைப் பார்த்தார்கள். அங்கே அவர் பெயர் பிட்கின், படங்களில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். 1995இல் அவர் போனபோது ராஜ வரவேற்பு. 2001இல் இங்கிலாந்து கால்பந்து அணி தலைநகர் டிரானாவில் ஆடப் போனபோது இவரும் அங்கே இருந்தார். பெக்காமைவிட இவரைச் சுற்றித்தான் கூட்டம். வயது 86.

ஒரு நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த கொஞ்சச் சிரிப்பில் இவரும் ஒருவர் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

11 பிப்ரவரி 2024

இது முக்கியம், நிதானமாக எழுதுகிறேன்.

நேற்று 'ஷாம்பெயின் சார்லி' போட்டோம். 1944, ஈலிங் ஸ்டுடியோ, இயக்கம் கவல்கான்டி என்ற பிரேசில்காரர். 1860களின் மியூசிக் ஹாலைக் கட்டிக் காட்டிய படம். டாமி டிரிண்டர் ஜார்ஜ் லேபோர்னாகவும், ஸ்டான்லி ஹாலோவே 'கிரேட் வான்ஸ்' ஆகவும் வருகிறார்கள். இருவருமே உண்மையில் வாழ்ந்த பாடகர்கள். ஒருவர் ஒரு மதுவைப் புகழ்ந்து பாடினால் மற்றவர் இன்னொரு மதுவைப் புகழ்ந்து பாடுவார், போட்டி ஏறிக்கொண்டே போகும். லாவணியில் எரிந்த கட்சி எரியாத கட்சி போல என்று வையுங்கள்.

அதில் அரங்கத்தைக் காட்டும் விதத்தைப் பாருங்கள். மேசை போட்டுக் குடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது கூட்டம். பாடகர் சரணத்தைப் பாடும்வரை பேச்சும் சிரிப்புமாக இருப்பார்கள். பல்லவி வந்ததும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் பாடும். பாடகர் அந்த நேரத்தில் பாடுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கையை மட்டும் வீசுகிறார். அந்தப் பாட்டுகள் எழுதப்பட்ட விதமே அப்படி. சரணம் பாடகருக்கு, பல்லவி கூட்டத்துக்கு.

ஒன்பது வருடமாக நான் பார்த்துப் புரியாமல் இருந்த ஒன்று நேற்று புரிந்தது. எங்கள் இல்லத்தில் யாருக்குமே சரணம் ஞாபகம் இல்லை. தன் பிள்ளை பெயர் மறந்தவருக்குக்கூடப் பல்லவி முழுசாக வருகிறது. நான் இதை மறதியின் கோளாறு என்று நினைத்திருந்தேன். இல்லை. சரணம் அவர்களுடையதாக இருந்ததே இல்லை. அவர்களுக்கென்று கொடுக்கப்பட்டதை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது கேள்வி கேட்டவரிடம் திரும்ப வருகிறேன். ஃபார்ம்பி ஏன் நடுவில் நின்று நேராக நம்மைப் பார்த்துப் பாடுகிறார், கேமரா ஏன் காத்திருக்கிறது, கதை ஏன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது? நாம் பாடுவதற்காக. படத்தில் பாதிதான் திரையில் இருக்கிறது. மீதி கொட்டகையில் இருந்தது. நீங்கள் அதை ராத்திரி தனியாக, காதில் ஹெட்போன் மாட்டி, மடிக்கணினியில் பார்த்தீர்கள். பாதிப் படத்தைத்தான் பார்த்தீர்கள்.

12 பிப்ரவரி 2024

"அப்படியென்றால் அது சினிமா இல்லை, மேடையைப் பதிவு செய்தது" என்று பதில் வந்திருக்கிறது. யோசித்தேன். ஓரளவு சரி. ஆனால் 'நோ லிமிட்' பந்தயக் காட்சியை எந்த மேடையிலும் வைக்க முடியாது. பிளாக்பூல் கடற்கரையையும் வைக்க முடியாது. நேற்று நான் எழுதியது பாட்டு வரும் இடங்களுக்குப் பொருந்தும். முழுப் படத்துக்கும் பொருத்திப் பேசியது அதிகம்.

2 மார்ச் 2024

விடுமுறையில் மேன் தீவுக்குப் போய்வந்தேன். ஹேஷமிலிருந்து கப்பல், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், நல்ல ஆட்டம், வாந்தி.

டக்ளஸ் நகரில் ஃபார்ம்பிக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறார். 1937இல் 'ஃபெதர் யுவர் நெஸ்ட்' படத்தில் நோயல் கே எழுதிய விளக்குக் கம்பப் பாட்டைப் பாடினார், அந்த நிலை. காதலி வருவாளோ மாட்டாளோ என்று தெரு முனையில் காத்து நிற்பவனின் பாட்டு. அதே ஊரில் நார்மன் விஸ்டமுக்கும் வெண்கலச் சிலை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல. அவர் வயதான காலத்தில் இந்தத் தீவிலேயே குடியிருந்து, 2010இல் இங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார்.

பந்தயப் பாதையில் பேருந்தில் கொஞ்ச தூரம் போனேன். ஒரு சுற்று அறுபது கிலோமீட்டர், ஊர்களுக்கு நடுவே, வீட்டுச் சுவர்களை ஒட்டி, மலைமேல் ஏறி இறங்குகிறது. 'நோ லிமிட்' பார்த்தபோது சிரிப்பாக இருந்தது. அந்த வளைவுகளை நேரில் பார்த்தபிறகு வயிறு கலங்கியது.

ஃபார்ம்பியின் கடைசி வாரங்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை. பெரில் 1960 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்தார். ஜார்ஜ் அடுத்த மார்ச் 6ஆம் தேதி. இறுதி ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவோரம் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் நின்றார்கள். வாரிங்டனில் அப்பாவின் கல்லறையிலேயே புதைத்தார்கள்.

9 மார்ச் 2024

அறுபதுகளைப் பற்றிச் சீக்கிரம் முடிக்கிறேன், எனக்கு அதில் ஆர்வம் குறைவு.

டாமி ஸ்டீல் 1956இல் சோஹோவில் ஒரு காபிக் கடையில் பாடிக் கண்டுபிடிக்கப்பட்டார். 1957இலேயே அவருடைய வாழ்க்கைக் கதை படமாக வந்துவிட்டது, வயது இருபது! மேடையில் இருபது வருடம் ஊறியவர்கள் போய், இருபதே வயதானவர்கள் வந்தார்கள். டெலிவிஷனும் வந்தது. 1946இல் 163 கோடியாக இருந்த டிக்கெட் 1960இல் 50 கோடிக்கு இறங்கியது.

அந்த மாற்றத்தைப் பிடித்த படம் ஒன்று உண்டு, அதிகம் பேர் பேசாதது. 'டேவி', 1958, ஈலிங் எடுத்த கடைசி நகைச்சுவைப் படம். ஹாரி சீகோம்ப் ஒரு வெரைட்டிக் குடும்பத்தின் கோமாளி. அவருக்கு ஓபராப் பாடகர் ஆகும் குரல். லண்டனின் ஓபரா அரங்கமான கோவென்ட் கார்டனில் குரல் தேர்வுக்குப் போகிறார், 'நெஸுன் டோர்மா' என்ற ஓபராப் பாட்டைப் பாடுகிறார். குடும்பத்தை விட்டுப் போவதா என்பதுதான் கதை. சிரிப்பு குறைவு, எனக்குப் பிடிக்கும்.

பிறகு 1963இல் கிளிஃபின் 'சம்மர் ஹாலிடே'. லண்டன் போக்குவரத்து மெக்கானிக்குகள் ஒரு சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்தை வீடாக மாற்றி ஏதென்ஸ்வரை ஓட்டுகிறார்கள். மழையில் கறுப்பு வெள்ளையாக ஆரம்பித்து வண்ணமாக மாறும். இயக்கியவர் பீட்டர் யேட்ஸ், ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவில் 'புல்லிட்' எடுத்தாரே, கார் துரத்தலுக்குப் பெயர்போன படம், அவரேதான். எங்கள் இல்லத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். பாட்டு ஒன்றையும் கவனிக்க மாட்டார். அந்த வகைப் பேருந்தில் கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டுப் பிறகு பெடலை மிதிக்க வேண்டும், கிளிஃப் அதைச் சரியாகச் செய்கிறாரா என்றுதான் படம் முழுக்கப் பார்ப்பார்.

1964இல் பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்'. அதில் கேமரா ஓடுகிறது, துள்ளுகிறது, கேள்வி கேட்டவருக்குப் பிடிக்கும். 1968இல் வந்த 'ஆலிவர்' சிறந்த படத்துக்கான ஆஸ்காரையே வாங்கியது. ஃபேகினாக வரும் ரான் மூடியைப் பாருங்கள், லண்டன் மேடையில் 1960இல் அந்த வேடத்தை முதலில் செய்தவரும் அவர்தான். பம்பிளாக வருபவர் ஹாரி சீகோம்ப். அவ்வளவு பெரிய செட்டுக்கு நடுவிலும் உயிர் இருப்பது அந்த மேடைக்காரர்கள் வரும் இடங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பழைய வாதம் திரும்ப வந்துவிட்டது, வரட்டும்.

16 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். வீட்டில் அண்ணன் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டி உட்கார வைத்து ஃபார்ம்பியின் ஜன்னல் பாட்டைப் போட்டாராம். மொழி புரியாமலேயே இரண்டாவது தடவை பல்லவி வரும்போது கடைக்குட்டி தட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டதாம். "இன்னமும் அது நல்ல சினிமா என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்கிறார். ஒப்புக்கொள்ள வேண்டாம். அடுத்தது சிட் ஃபீல்டின் கோல்ஃப் போடுங்கள். மொழி தேவைப்படும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

30 மார்ச் 2024

உதடு மட்டும் அசைத்தாரே, அந்த ஐயா செவ்வாய்க்கிழமை காலமானார். இறுதிச் சடங்குக்கு எந்தப் பாட்டு வைக்கலாம் என்று மகள் என்னிடம் கேட்டார், அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.